ஆவியாகாத கரைப்பான்: வரமா, வில்லங்கமா?

சோடியம் குளோரைடு உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆவியாகாத கரைப்பான் என்று பேசப்படும் அயனித் திரவமும் உப்புதான். ஆனால் 100 டிகிரிக்குள் உருகிவிடும். பல வகைகள் அறை வெப்பத்திலேயே திரவம். அயனிகள் பெரிதாகவும் கோணல்மாணலாகவும் இருப்பதால் படிகமாக அடுக்காக உட்கார முடிவதில்லை.

வழக்கமான கரைப்பானான டைகுளோரோமீத்தேன் 40 டிகிரியில் கொதிக்கும். காற்றில் கலந்து மூக்குக்குள்ளும் போகும். அயனித் திரவமோ கிட்டத்தட்ட ஆவியே ஆகாது. சரி, அப்படியென்றால் அயனித் திரவத்துக்கே ஓட்டு என்று சொல்லிவிடலாமா? வினை முடிந்த பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். டைகுளோரோமீத்தேன் குடுவையை ரோட்டரி எவாப்பரேட்டரில் (குறைந்த அழுத்தத்தில் சுழற்றி ஆவியாக்கும் கருவி) மாட்டினால் சில நிமிடங்களில் கரைப்பான் போய்விடும். அடியில் விளைபொருள் நிற்கும். அயனித் திரவத்தில் அந்த வழியே இல்லை. பல சமயம் எளிதில் ஆவியாகும் ஈதரை ஊற்றித்தான் விளைபொருளைப் பிரிக்கிறார்கள். முன்வாசலில் துரத்தியதைப் பின்வாசலில் கூப்பிட்ட கதை.

பிசுபிசுப்பு வேறு. பிப்பெட்டில் மெல்ல ஏறும். இறக்கும்போது கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டு அளவைக் கெடுக்கும். 'பசுமை' (சூழலுக்குக் கேடில்லாதது) என்ற பெயரையும் அப்படியே நம்ப வேண்டாம். ஹெக்ஸாஃபுளோரோபாஸ்பேட் அயனி உள்ள வகைகள் ஈரத்தோடு சூடானால் ஹைட்ரஜன் ஃபுளோரைடை விடும். அது கண்ணாடியையே அரிக்கும்.

மலிவு வேண்டுமானால் ஆழ்யூடெக்டிக் கரைப்பான். அதாவது, கலந்ததும் தனித்தனி உருகுநிலைகளைவிட வெகு கீழே உருகும் கலவை. கோலின் குளோரைடு 302 டிகிரியிலும் யூரியா 133 டிகிரியிலும் உருகும். 1:2 மோல் விகிதத்தில் கலந்தால் உருகுநிலை 12 டிகிரிக்கு இறங்குகிறது. சூடாக்கிக் கிளறினால் போதும், தனியாகத் தயாரிப்பு வேலை இல்லை. இதுவும் கொழகொழதான். ஆனால் தண்ணீரில் கரையும் என்பதால், கரையாத விளைபொருளைத் தண்ணீர் ஊற்றியே வீழ்படிவாக்கலாம். சாதாரண வினைக்கு நான் முதலில் இதைத்தான் எடுப்பேன்.

அயனித் திரவம் தனித்து ஜெயிக்கும் இடங்களும் உண்டு. எளிதில் எதிலும் கரையாத செல்லுலோஸ் அதில் கரைகிறது. பிஏஎஸ்எஃப் என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் பேசில் (BASIL) முறை இன்னும் சாமர்த்தியம். வினையில் வரும் அமிலத்தை டிரைஎத்தில் அமீன் என்ற காரம் பிடித்தால் திட உப்பு குழம்பாகி வடிகட்ட மல்லுக்கட்ட வேண்டும். மெத்தில் இமிடசோல் என்ற காரம் பிடித்தால் வரும் உப்பு சுமார் 75 டிகிரியில் உருகி, தனி அடுக்காகக் கீழே நிற்கும். திறந்து வடித்துவிடலாம்.

மீயுய்ய கார்பன் டை ஆக்சைடையும் (வாயுவுக்கும் திரவத்துக்கும் இடைப்பட்ட நிலையில் இருப்பது) போட்டியாளராகச் சொல்வார்கள். அந்த நிலைக்கு வர 31 டிகிரி வெப்பமும் 74 பார் அழுத்தமும் தாண்டியாக வேண்டும், அழுத்தக்கலம் வேறு. ஆனால் இந்தக் கார்பன் டை ஆக்சைடு பல அயனித் திரவங்களுக்குள் கரையும். அயனித் திரவம் அதில் கரையாது. எனவே ஈதருக்குப் பதில் அதைச் செலுத்தி, அயனித் திரவத்தில் கரைந்திருந்த நாப்தலீனை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அழுத்தத்தை இறக்கினால் வாயு போய்விடும், நாப்தலீன் மட்டும் மிஞ்சும்.