திருட்டுப் பழி போட்டு வேலையிலிருந்து நிறுத்தினால்: ராஜினாமாவா, அப்பீலா, தாவாவா?

காரைக்குடி நகைக்கடை ஒன்றில் ராத்திரி ஸ்டாக் எடுக்கும்போது ஒரு தட்டில் 4 கிராம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த கவுன்ட்டரில் நின்றவரை உள்ளே கூப்பிட்டு வெள்ளைத்தாளை நீட்டுவார்கள்: "எழுதிக் குடுத்துட்டுப் போயிரு, போலீசுக்குப் போகல." முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடையானாலும் கானாடுகாத்தான் ஓட்டலானாலும் பேச்சு இதுதான்.

ராஜினாமா எழுதிக் கொடுத்தால் விஷயம் அன்றே முடியும். அந்த ஒரு லாபம்தான். தானாக விலகியவருக்கு அப்பீல் கிடையாது. மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் பாரமும் உங்கள் தலையில் விழும். 'தெரியாமல் எடுத்துவிட்டேன்' என்று ஒரு வரி சேர்ந்தால் இன்னும் மோசம். அந்தத் தாளை வைத்தே பிறகு புகார் கொடுக்கலாம். வேலையாள் திருட்டுக்கு 7 ஆண்டு வரை சிறை. கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? மறுநாளே, மிரட்டி வாங்கியது என்று தபாலில் மறுத்து எழுதுங்கள்.

அப்பீல்தான் கடை ஊழியருக்குச் சரியான வழி. 1947ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 41ஆம் பிரிவின்படி, தொடர்ந்து 6 மாதம் வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீசோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது. நோட்டீஸ் இல்லாமல் நீக்க வேண்டும் என்றால், முதலாளி விசாரணை நடத்திக் குற்றத்தைச் சாட்சியத்தோடு பதிவு செய்திருக்க வேண்டும். குற்றச்சாட்டு எழுத்தில் வர வேண்டும், பதில் சொல்ல அவகாசம் வேண்டும், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய விட வேண்டும். 'அந்த நேரத்தில் அவன்தான் நின்றான்' என்பது மட்டும் போதாது. கேமரா பதிவை உடனே எழுத்தில் கேளுங்கள். சில வாரங்களில் பழைய பதிவு தானாக அழிந்துவிடும்.

நீக்க உத்தரவு கைக்கு வந்து 30 நாளுக்குள் தொழிலாளர் துணை ஆணையரிடம் அப்பீல் மனு போட வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். "போலீஸ் கேஸ் முடியட்டும்" என்று காத்திருக்காதீர்கள்; அது வேறு, இது வேறு. கோர்ட்டில் விடுதலையானாலும் வேலை தானாகத் திரும்பாது. உத்தரவே தராமல் வாசலில் நிறுத்தினால், 'இன்ன தேதியில் வேலைக்கு வந்தேன், உள்ளே விடவில்லை' என்று, சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும்படி தபால் அனுப்புங்கள். இல்லையென்றால் 'அவராகவே நின்றுவிட்டார்' என்பார்கள்.

அரிசி ஆலை, ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைத் தொழிலாளிக்குத் தாவா, அதாவது தொழில் தகராறு வழக்கு, பொருந்தும். 2025 நவம்பர் 21 முதல் இதற்குத் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடப்பில் இருக்கிறது. அதன்படி, நீக்கிய 2 ஆண்டுக்குள், இரு தரப்பையும் பேசவைக்கும் சமரச அதிகாரியிடம் போக வேண்டும். அவகாசம் தாராளம், ஆனால் இழுக்கும். உள் விசாரணை நடக்காததாலேயே ஜெயித்துவிட்டோம் என்றும் ஆகாது. வழக்கு தீர்ப்பாயத்துக்குப் போனால், முதலாளி அங்கேயே புதிதாகச் சாட்சி கொண்டுவரலாம். மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் சூப்பர்வைசருக்கு இந்தக் கதவு இல்லை.

எந்த வழியில் போனாலும், நீக்கிய 2 வேலை நாளுக்குள் பாக்கிச் சம்பளம் தர வேண்டும். பி.எஃப். பணத்தில் முதலாளி கை வைக்க முடியாது.