வூஃபர் போட்ட காரில் கடகட சத்தம்: எது நின்றது, எது திரும்பி வந்தது

காரில் சத்தமாகப் பாட்டுக் கேட்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்கும். பேஸ் இறங்குகிற இடத்தில் கதவுக்குள்ளே ஏதோ 'டர்ர்ர்' என்கிறது, டிக்கிப் பக்கம் தகரம் அதிர்கிறது, வால்யூமைக் குறைத்தால் எல்லாம் அடங்கிவிடுகிறது. எனக்கு ஊர் செங்கோட்டை, மாமனார் வீடு புனலூர். அதனால் புளியரை, ஆரியங்காவு, தென்மலை வழியாக மலை ஏறி இறங்குவது வாடிக்கை. முன் கதவுகளில் ஆறரை இஞ்ச் ஸ்பீக்கர், டிக்கியில் பேஸுக்கென்றே பத்து இஞ்ச் வூஃபர், சத்தத்தைப் பெருக்கத் தனி ஆம்ப் என்று போட்டு சில வருஷம் ஆகிறது. வேலை முடிந்த வாரத்தில் எழுதுகிற ரிவ்யூவில் எல்லாமே பிரமாதமாகத்தான் இருக்கும். இங்கே காலையில் தென்காசி வெயிலில் காய்கிற கார் மத்தியானம் தென்மலை மழையில் நனைகிறது. அப்படிப்பட்ட காரில் எந்தப் பசை எத்தனை நாள் பிடிக்கும் என்று பார்த்த பிறகுதான் எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

கார் டெக்கர்ஸ் கடையில் போய் சத்தம் வருகிறது என்று சொன்னால், "நாலு கதவுக்கும் ஷீட் ஒட்டிருவோம் அண்ணாச்சி, சரியாயிரும்" என்பார்கள். ஷீட் நல்ல பொருள்தான், நானும் ஒட்டியிருக்கிறேன். ஆனால் ஷீட் அடக்குவது தகரத்தை மட்டும்தான். பியூட்டைல் ரப்பர் மேல் அலுமினிய ஃபாயில் வைத்த, ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஷீட் அது. தகரம் அதிரும்போது ஃபாயிலுக்கும் தகரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ரப்பர் இழுபட்டு, அதிர்வைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக மாற்றிவிடுகிறது. ஆனால் நமக்குக் கேட்கிற கடகடவில் பாதிக்கு மேல் தகரத்தினுடையது இல்லை. லூஸாக இருக்கும் ஒரு பிளாஸ்டிக் இன்னொரு பிளாஸ்டிக்கில் மோதுகிற சத்தம் அது. எத்தனை அடுக்கு ஷீட் ஒட்டினாலும் அந்த மோதல் நிற்காது. இது புரியாமல் ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு மனம் நொந்து போனவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

காசு செலவில்லாமல் முதலில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஆம்ப்பிலோ ஸ்டீரியோவிலோ கதவு ஸ்பீக்கருக்கு ஹை பாஸ் ஃபில்டரை (கீழே உள்ள பேஸை வெட்டுவது) 80 ஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 80 அதிர்வில் வையுங்கள், வூஃபருக்கு லோ பாஸையும் (மேலே உள்ளதை வெட்டுவது) அதே 80க்குப் பக்கத்தில் வையுங்கள், பேஸ் பூஸ்டை சுத்தமாகப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரே அளவு சத்தத்துக்கு, ஹெர்ட்ஸ் பாதியாகக் குறைந்தால் ஸ்பீக்கரின் கோன் நாலு மடங்கு தூரம் ஆட வேண்டும். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் பேசுகிறது, அதைக் கதவில் இருக்கிற சின்ன ஸ்பீக்கர் வாசிக்க முயன்றால் கதவே ஆடத்தான் செய்யும். அந்த வேலையை வூஃபரிடம் விட்டுவிட்டாலே கதவுச் சத்தத்தில் பெரும்பங்கு போய்விடும். பாட்டும் தெளிவாகும், தவிலின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கும்.

அப்புறம் மிச்சத்தைத் தேட வேண்டும். இதற்குப் பாட்டு உதவாது, பாட்டில் எல்லாம் கலந்து வரும். போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றைப் போட்டு 30 ஹெர்ட்ஸில் தொடங்கி 200 வரை மெதுவாக ஏற்றிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு பொருளும் தனக்கென்று ஒரு ஹெர்ட்ஸ் வந்ததும்தான் கத்தும், அது தாண்டியதும் வாயை மூடிக்கொள்ளும். வண்டியை நிறுத்தி வைத்துச் செய்ய வேண்டியது இது, கூட ஒரு ஆள் இருந்தால் நல்லது. நான் முன்னால் உட்கார்ந்து டோனை ஏற்ற, மச்சினன் பின் சீட்டில் குனிந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். கதவுதான், கதவுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த சத்தத்துக்கு அவன், "அத்தான், கதவுல இல்ல, மேல பெல்ட் மாட்டுற இடத்துல பாருங்க" என்றான். சீட் பெல்ட்டின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற அந்தப் பிளாஸ்டிக் பிடியில் விரலை வைத்ததும் சத்தம் டக்கென்று நின்றது, எடுத்ததும் திரும்ப வந்தது. புனலூரில் எனக்குத் தெரிந்த தமிழ் டிங்கர் ஒருவர் சொல்வது இதைத்தான்: "சத்தத்தைக் காதால தேடாதீங்க அண்ணாச்சி, கையால தேடுங்க." காருக்குள் காது திசையைத் தப்பாகத்தான் காட்டும். உள்ளங்கையால் அழுத்தி எங்கே நிற்கிறதோ அதுதான் இடம்.

என் காரில் 45 ஹெர்ட்ஸ் பக்கம் பின் நம்பர் பிளேட், 60 பக்கம் டிக்கிக் கதவின் உள் பிளாஸ்டிக், 90க்கு மேல் கதவின் உள்பக்கத்தை மூடுகிற டோர் பேட் என்று வரிசையாகச் சிக்கின. உங்கள் காரில் எண்கள் மாறும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டி என்றால் கழற்ற முடியாத ஸ்நாப் லாக் போட்ட ஹை செக்யூரிட்டி பிளேட்தான் இருக்கும். அதைக் கழற்ற நினைக்காமல், பிளேட்டுக்கும் பம்பருக்கும் நடுவில் மெல்லிய ஃபோம் டேப்பைப் பக்கவாட்டில் இருந்து செருகிவிட்டால் போதும். இன்று வரை அது அசையவில்லை.

கதவுக்கு வருவோம், அதிக நேரம் பிடித்ததும் அதிகப் பலன் கொடுத்ததும் இதுதான். கைப்பிடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூவைக் கழற்றி, கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பி, பவர் விண்டோ ஒயரை விடுவித்தால் டோர் பேட் கையோடு வரும். அதற்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு மூடுகிற கடைகள் உண்டு, பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடி வழியாக மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்குவது சாதாரணம், கீழே இருக்கிற சின்ன ஓட்டைகள் வழியாக வெளியே போய்விடும். அந்தத் தாள் இல்லாவிட்டால் தண்ணீர் டோர் பேட்டுக்கு வரும், அங்கிருந்து கார்ப்பெட்டுக்கு இறங்கும். ஆரியங்காவு தாண்டி அடிக்கிற ஜூலை மழைக்கு ஒரு நாள் போதும், வண்டி முழுக்க ஊறிய நாற்றம் வந்துவிடும். கீழே உள்ள ஓட்டைகளை ஷீட்டால் அடைத்துவிட்டால் கதவு துருப்பிடிக்கும், இதையும் மறக்கக் கூடாது.

உள்ளே வெளித்தகரத்தை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், காலித் தகர டின் மாதிரி 'டங்' என்று நீளமாக ஒலிக்கும். ஸ்பீக்கருக்கு நேர் பின்னாலும் தகரத்தின் நடுப்பகுதியிலும் ஷீட் ஒட்டினதும் அதே இடம் 'தொப்' என்று முடிந்துவிடும். முழுவதும் மூடத் தேவையில்லை, கால்வாசியிலிருந்து பாதி வரை ஒட்டினாலே தகரம் அடங்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்த பிறகு ரோலரால் ஃபாயிலின் புள்ளிகள் சப்பையாகும் வரை அழுத்த வேண்டும். இப்படி ஒட்டிய பியூட்டைல் இத்தனை கோடைக்கும் நழுவவில்லை. விலை குறைவு என்று தார் ஷீட் போட்ட நண்பரின் காரில் ஏப்ரல் வெயிலிலேயே உருகி இறங்கி, கண்ணாடி ஏறுகிற தடத்தில் கருப்பாக அப்பிக்கொண்டது. தார் வாசனை தனி. நம்ம ஊர் வெயிலுக்கு அது வேண்டவே வேண்டாம்.

கதவுக்குள் தொங்குகிற ஒயர், லாக் கம்பி, இவை டோர் பேட்டில் மோதாமல் இருக்க ஒயரிங்குக்குப் போடுகிற துணி டேப் சுற்றினேன். டெசா 51608 கிடைத்தால் அதையே வாங்குங்கள், பசை கசிந்து பிசுபிசுக்கவில்லை. ஸ்பீக்கரைக் கதவில் உட்கார வைக்கிற ரிங்குக்குக் கடையில் கொடுப்பது பெரும்பாலும் மர நாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப், அது ஒரு மழைக்காலத்தில் பொருமிவிடும். ஆசாரியிடம் சொல்லி மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூபிசி பலகையில் அறுத்து வாங்கினேன், சமையலறை அலமாரிக்குப் போடுகிற அதே பலகை. தண்ணீர் குடிக்காது.

டேப் விஷயத்தில் ஒரு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு பிளாஸ்டிக் உரசிக் 'கிரீச்' என்றால் ஃபெல்ட் துணி டேப். இடைவெளி இருந்து மோதி 'டக டக' என்றால் ஃபோம். மாற்றிப் போட்டால் பலன் இல்லை. ஃபோமிலும் சாதாரண ஸ்பாஞ்ச் தண்ணீரை உறிஞ்சும், வெயிலில் பொடியாக உதிரும். நான் போட்டதில் முதலில் தோற்றது அதுதான். மூடிய துளை உள்ள கருப்பு ஈபிடிஎம் ரப்பர் ஃபோம்தான் நிற்கிறது. வெல்க்ரோவின் மெத்தென்ற பக்கத்தை ஒட்டச் சொல்கிறார்கள், பொருள் சரி, பின்னால் இருக்கும் பசை சூட்டில் நகர்ந்துவிடுகிறது. கிளிப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. டோர் பேட்டைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் கிளிப் தளரும், ஒன்று பத்து இருபது ரூபாய்தான், கழற்றுகிற நாளிலேயே புதுசு போட்டுவிடுங்கள். அடியில் ரப்பர் வளையம் உள்ளது என்றால் இன்னும் நல்லது.

ஸ்டெப்னி குழியில் கிடக்கிற ஜாக்கியும் ஸ்பேனரும் வூஃபருக்கு ரொம்பப் பக்கம். பழைய சாரத்தில் சுற்றி வைத்தால் சத்தம் நிற்கும், ஆனால் துணி ஈரம் பிடித்து ஜாக்கி துருவேறியது. இப்போது யோகா மேட் துண்டில் சுற்றியிருக்கிறேன். பார்சல் ட்ரேயின் இரண்டு ஓரத்திலும் ஃபோம் வைத்தது அரை மணி நேர வேலை.

டேஷ்போர்டைத் தொடவில்லை, தொட வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதற்குள் ஏர்பேக் இருக்கிறது, கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டியில் கண்ணாடி ஓரத் தூண்களிலும் இருக்கும். அது விரிகிற வழியில் ஃபோமோ ஷீட்டோ அடைப்பது ஆபத்து. புளியரை எஸ் வளைவில் வருகிற 'கிரீச்'சுக்கும் ஸ்டீரியோவுக்கும் சம்பந்தம் இல்லை, பாட்டை அணைத்தாலும் வரும். பாடி முறுக்கும்போது கதவின் ரப்பர் பீடிங் உரசுகிற சத்தம் அது. சிலிகான் கிரீஸை மெல்லத் தடவினால் பல மாதம் வராது. பெட்ரோலிய எண்ணெய் எதையும் அந்த ரப்பரில் தடவாதீர்கள், உப்பிப் போகும்.

இப்போது லாரிகள் வரிசையாக ஏறுகிற நேரத்தில்கூட முன்பைவிடக் குறைந்த வால்யூமே போதுமாக இருக்கிறது, மாமியார் பின்னால் உட்கார்ந்து வரும்போது பேச்சும் கேட்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை, மே மாதத்தில், தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால், கதவு ஓட்டைகளைக் குத்திச் சுத்தம் செய்து டேப்புகளைப் பார்த்துவிடுகிறேன். பாக்கி இருப்பது டிக்கிக் கதவின் மேலே இருக்கும் பிரேக் லைட், 55 ஹெர்ட்ஸ் பக்கம் லேசாக முனகுகிறது. குற்றாலச் சாரல் முடிந்து காற்று காய்ந்த பிறகுதான் அதைக் கழற்ற வேண்டும், தகரத்தில் ஈரம் படிந்திருக்கும்போது ஒட்டுகிற எந்த டேப்பும் நிற்பதில்லை.