ஹைஸ்மன் 2024: ஜென்டியா, ஹன்டரா?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் பெரிய தனிநபர் விருதான ஹைஸ்மன் கோப்பைக்கு ரசிகர்களுக்கும் ஓர் ஓட்டு உண்டு. ஆளுக்கு ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம். இணையத்தில் எத்தனை பேர் போட்டாலும் எல்லாவற்றையும் கூட்டிக் கடைசியில் ஒரே ஒரு வாக்காக எண்ணுவார்கள். எதிரே 870 விளையாட்டுச் செய்தியாளர்களும் உயிரோடிருக்கும் முன்னாள் வெற்றியாளர்களும் இருக்கிறார்கள். சமுத்திரத்தில் கரைத்த பெருங்காயம்தான்.

2024 டிசம்பரில் அந்தப் பெருங்காயத்தில் என் பங்கை பாய்சி ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ரன்னிங் பேக் (பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஓடுபவர்) ஆஷ்டன் ஜென்டிக்குப் போட்டேன். கூட வேலை பார்க்கும் நண்பர் கொலராடோ பல்கலைக்கழகத்தின் டிராவிஸ் ஹன்டருக்குப் போட்டார். கோப்பை ஹன்டருக்குப் போனது. அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு மேஜையில் எனக்குப் பேச்சு குறைந்துவிட்டது. அங்கே சொல்லாமல் விட்டதை எல்லாம் இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஹன்டர். அவர் பக்கத்து வாதத்தை ஒரு வரியில் சொல்லலாம்: இரண்டு வேலையையும் ஒருவரே முழுநேரமாகப் பார்த்தார். கொலராடோ பந்தோடு முன்னேறும்போது ரிசீவர் (வீசிய பந்தைப் பிடிப்பவர்), எதிரணி கையில் பந்து இருக்கும்போது கார்னர்பேக் (எதிரணி ரிசீவரைத் தடுப்பவர்). பல ஆட்டங்களில் நூறு ஸ்னாப்புக்கு (பந்தை ஆட்டத்துக்குள் விடும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்னாப்) மேல் களத்திலேயே நின்றார். ஓட்டெடுப்பு நடந்தபோது அவர் கணக்கில் 92 கேட்ச், 1,152 யார்டு, 14 டச் டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால், எண்ட் ஸோனில், பந்தைச் சேர்ப்பது) இருந்தன. அதோடு எதிரணி வீசிய பந்தை நாலு முறை பறித்திருந்தார். பேலருக்கு எதிரான ஆட்டம் ஓவர்டைமுக்குப் போனபோது, எண்ட் ஸோன் வாசலில் எதிராளி கையிலிருந்த பந்தைத் தட்டிவிட்டு வெற்றியைக் கொண்டுவந்தவரும் அவர்தான். கிரிக்கெட்டில் இதற்கு ஆல்ரவுண்டர் என்ற சொல்லாவது உண்டு. நவீன கல்லூரி ஃபுட்பாலில் இப்படி ஒருவரை வைக்க ஒரு பெட்டியே இல்லை. 1997இல் கோப்பை வாங்கிய சார்ல்ஸ் வுட்சனும் இருபுறமும் ஆடியவர் என்றாலும், அடிப்படையில் அவர் தடுப்பாட்டக்காரர். ரிசீவர் வேலை அவருக்கு அவ்வப்போது செய்யும் கூடுதல் வேலை.

ஹன்டருக்கு விளம்பரம் செய்யவே தேவை இருக்கவில்லை. கொலராடோவின் பயிற்சியாளரும் முன்னாள் நட்சத்திர வீரருமான டியான் சாண்டர்ஸ் எங்கே நின்றாலும் கேமரா வந்துவிடும். ஹன்டரும் சும்மா இருக்கவில்லை. சென்ட்ரல் ஃபுளோரிடா (யூசிஎஃப்) அணிக்கு எதிராகப் பந்தைப் பறித்ததும் கோப்பைச் சிலையின் போஸிலேயே நின்று காட்டினார். விளம்பரப் பலகைக்கு இதைவிட நல்ல படம் யாருக்குக் கிடைக்கும்?

இனி என் ஆள்.

ஜென்டி ஆடியதைப் பார்க்காதவர்களுக்கு: ஸ்னாப்புக்கு முன் மற்ற ரன்னிங் பேக்குகள் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்திருப்பார்கள். இவர் கைகளைத் தொங்கவிட்டு ஊர் எல்லைக் கருப்பசாமி மாதிரி நிமிர்ந்து நிற்பார். பந்து கைக்கு வந்தபின் முதல் ஆள் வந்து மோதுவார், சரிந்துபோவார்; இரண்டாமவருக்கும் பெரும்பாலும் அதே கதிதான். அந்த சீசனில் அவர் ஓடிய யார்டுகளில் ஏறக்குறைய முக்கால்வாசி, ஒருவர் வந்து மோதிய பிறகு ஓடியவை. ஓட்டெடுப்பு வரை 13 ஆட்டம், 344 ஓட்டம், 2,497 யார்டு, ஓடியே 29 டச் டவுன். அணி 12 வென்று ஒன்றில் தோற்று, மவுண்டன் வெஸ்ட் என்ற தன் கான்பரன்ஸின் (கல்லூரி அணிகளின் கூட்டு) பட்டத்தையும் வாங்கி, தேசியப் பட்டத்துக்காக நடக்கும், பன்னிரண்டு அணிகளாக விரிந்த முதல் பிளேஆஃபில் மூன்றாம் இடத்தில் அமர்ந்தது. கொலராடோ ஒன்பது வென்று மூன்றில் தோற்று பிளேஆஃபுக்கு வெளியே நின்றது. (நண்பர் இதைக் கேட்டால் உடனே, "அது அணிக்குக் கொடுக்கிற கோப்பை இல்லையே" என்பார். சரி, விடுகிறேன்.)

ஜென்டியை முன்னிறுத்தியவர்கள் எந்த எண்ணைக் கையில் எடுத்தார்கள் என்பதில்தான் எனக்கு ஆதங்கம். நவம்பர் முழுக்கத் தொலைக்காட்சியைத் திறந்தால் ஒரே எண்தான்: 2,628. ஓக்லஹோமா ஸ்டேட்டின் பேரி சாண்டர்ஸ் 1988 சீசனில் ஓடிய சாதனை யார்டு. (டியானுக்கும் இவருக்கும் உறவில்லை. கொலராடோவின் குவார்ட்டர்பேக் (பந்தை வீசுபவர்) ஷெடூர் சாண்டர்ஸ்தான் டியானின் மகன். அந்த வருஷம் சாண்டர்ஸ் என்று யாராவது சொன்னால் எந்த சாண்டர்ஸ் என்று கேட்க வேண்டியிருந்தது.) ஒவ்வொரு சனிக்கிழமையும் ஜென்டி அதற்கு எத்தனை யார்டு தள்ளி இருக்கிறார் என்று ஒரு பட்டை திரையில் ஓடும். கேட்க விறுவிறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் இது உங்கள் ஆளை நீங்களே இரண்டாம் இடத்தில் உட்காரவைக்கிற விளம்பரம். சாண்டர்ஸ் அதை 11 ஆட்டத்தில் ஓடினார். சீசன் முடிவில் நடக்கும் பவுல் ஆட்டத்தில் ஓடிய 222 யார்டை அந்தக் காலத்தில் கணக்கில் சேர்க்கவும் இல்லை. இதில் ஒரு வேடிக்கை, சாண்டர்ஸ் பந்தைத் தூக்கி ஓடியதும் சரியாக 344 முறைதான். அதே எண்ணிக்கை ஓட்டத்தில் அவருக்கு 2,628, ஜென்டிக்கு 2,497. விளம்பரத்துக்காக எடுத்த எண்ணே, "நல்ல ஆள்தான், ஆனால் அவரைவிடப் பெரியவர் ஒருவர் இருந்தார்" என்று சொல்லிக்கொடுத்துவிட்டது. ஹன்டரை அருகில் நிறுத்தி அளக்க அப்படி ஒரு பழைய ஆளே கிடையாது.

நானாக இருந்தால் இரண்டு விஷயங்களை எடுத்திருப்பேன். முதலாவது, அவர் ஆடாத நேரம். யூட்டா ஸ்டேட்டுக்கு எதிராக முதல் பாதியில் 13 முறை ஓடி 186 யார்டு, மூன்று டச் டவுன். ஆட்டம் கையில் வந்துவிட்டதால் இரண்டாம் பாதியில் உட்காரவைத்துவிட்டார்கள். போர்ட்லண்ட் ஸ்டேட்டுக்கு எதிராக வெறும் 11 ஓட்டம், 127 யார்டு. அந்த இரண்டு நாளும் கடைசி வரை ஓடவிட்டிருந்தால் யார்டு எங்கே போயிருக்கும் என்று கணக்குப் போட எவருக்கும் தெரியும். அந்த 127தான் ஓட்டெடுப்பு வரையிலான சீசனில் அவருடைய மிகக் குறைந்த எண். மறுபடி படியுங்கள்: பதின்மூன்று ஆட்டத்தில் மோசமான நாள் 127 யார்டு.

இரண்டாவதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரியது. சின்ன கான்பரன்ஸ் என்ற சுவர். மவுண்டன் வெஸ்ட்டில் யார் யாரோடு ஆடினால் என்ன என்பதுதான் ஜென்டிக்கு எதிராக ஒவ்வொருவரும் சொன்னது. இது புதுப் பேச்சும் இல்லை. 1992இல் சான் டியேகோ ஸ்டேட்டின் மார்ஷல் ஃபால்க் இரண்டாம் இடத்தோடு நின்றார். 2000இல் டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தின் லடேனியன் டாம்லின்சன் 2,158 யார்டு ஓடி நாலாவது. 2007இல் யூசிஎஃப்பின் கெவின் ஸ்மித் பவுலோடு சேர்த்து 2,567 யார்டு ஓடியும் முதல் ஐந்துக்குள் வரவில்லை. 2005இல் மெம்பிஸ் பல்கலைக்கழகம் டியாஞ்சலோ வில்லியம்ஸுக்காகப் பொம்மை ரேஸ் கார்கள் செய்து ஓட்டுப் போடுகிறவர்களுக்கு அனுப்பியது. கார் அலமாரிக்குப் போனது, ஓட்டு வேறு ஆளுக்குப் போனது. மலைப்பக்கத்து ஆட்டங்கள் பல கிழக்குக் கரையில் தூங்கப்போகும் நேரத்தில் தொடங்குவதும் சேர்ந்துகொள்கிறது. அடுத்த நாள் காலை ஸ்கோரை மட்டும் பார்ப்பவருக்கு 200 யார்டு என்பது ஒரு எண், அவ்வளவுதான்.

பணம் கொட்டினாலும் ஓட்டு விழுந்துவிடாது. 2001இல் ஓரிகன் பல்கலைக்கழகம் தன் குவார்ட்டர்பேக் ஜோயி ஹாரிங்டனை நியூயார்க் நகரில் பத்து மாடி உயரப் பலகையாக நிறுத்தியது. செலவு இரண்டரை லட்சம் டாலர். அவர் நாலாவதாக வந்தார்.

சுவரை இடிக்க ஒரே வழி, பெரிய அணியோடு அதன் வீட்டிலேயே மோதுவது. 2024 செப்டம்பர் 7 அன்று ஜென்டி அதைத்தான் செய்தார். எதிரணி அதே ஓரிகன். அந்த ஓரிகன் பிறகு பிளேஆஃப் தொடங்கும்வரை ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை, முதல் இடத்தில் போய் உட்கார்ந்தது. அவர்களுக்கு எதிராக 25 ஓட்டம், 192 யார்டு, மூன்று டச் டவுன். அதில் ஒன்று 70 யார்டு ஓட்டம். பாய்சி ஸ்டேட் 37-34 என்று கடைசி நொடி ஃபீல்ட் கோலில் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) தோற்றது. பாய்சி உதைத்த பந்தை ஓரிகன் இரண்டு முறை திருப்பி ஓடி டச் டவுன் ஆக்கியது. அந்த இரண்டு தடவையும் ஜென்டி பெஞ்சில் இருந்தார். "சின்ன அணிகளோடு ஓடினார்" என்ற வாதத்துக்கு இதைவிட நேரான பதில் கிடையாது. நான் விளம்பரக்காரனாக இருந்தால் பலகை, பொம்மை, வலைத்தளம் எதுவும் வேண்டாம்; அந்த 25 ஓட்டங்களை வெட்டி ஒட்டிய வீடியோவை ஓட்டுப் போடும் 870 பேருக்கும் நவம்பர் கடைசியில் அனுப்பியிருப்பேன். செப்டம்பரில் நடந்ததை டிசம்பரில் யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

2023 சீசனுக்குப் பிறகு பெரிய கல்லூரிகள் பெரிய தொகையோடு கூப்பிட்டும் அவர் பாய்சியின் நீலத் திடலை விட்டுப் போகவில்லை. போயிருந்தால் அந்தச் சுவரே இருந்திருக்காது. இருந்த இடத்திலேயே இருந்ததற்கு அபராதம் கட்டினார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஓர் இடத்தில் என் வாதம் வலுவில்லாதது. கார்னர்பேக்கின் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்து எடைபோட என்னால் முடியாது. கேமரா பந்தின் பின்னால் போகும். ஹன்டர் நிற்கும் பக்கம் எதிரணி பந்தையே வீசாவிட்டால் அதுதான் அவருடைய பெரிய வெற்றி, அது திரையிலேயே வராது. நான் பார்த்ததெல்லாம் அவர் பறித்த நாலு பந்தும் தட்டிவிட்ட பந்துகளும்தான். அவருடைய வேலையில் பாதியைப் பார்க்காமல்தான் அவருக்கு எதிராக ஓட்டுப் போட்டேன். நண்பர் கல்லூரி நாளில் அந்த இடத்தில் ஆடியவர். அவர் பேச்சை நான் முழுதாகத் தள்ளிவிட முடியாததற்குக் காரணம் அது.

டிசம்பர் 14 அன்று முடிவு வந்தது: ஹன்டர் 2,231 புள்ளி, ஜென்டி 2,017. முதலிடம் கொடுத்தவர்கள் 552க்கு 309. அலபாமாவின் மார்க் இங்ரம் 28 புள்ளியில் ஸ்டான்ஃபோர்டின் டோபி கெர்ஹார்ட்டை முந்திய 2009க்குப் பிறகு இதுதான் மிக நெருக்கமான போட்டி. அன்று தோற்றவரும் ரன்னிங் பேக்தான், ஆனால் ஜெயித்தவரும் ரன்னிங் பேக். 2015இல் டெரிக் ஹென்றிக்குப் பிறகு அந்த இடத்தில் ஆடும் எவரும் கோப்பையைத் தொட்டதில்லை. ஜென்டிக்கு, சிறந்த வீரருக்கென்று தனியாகத் தரப்படும் மேக்ஸ்வெல் விருதும், சிறந்த ரன்னிங் பேக்குக்கான டோக் வாக்கர் விருதும் கிடைத்தன.

அப்புறம் ஃபியஸ்டா பவுல். டிசம்பர் 31, எதிரே பென் ஸ்டேட். சாண்டர்ஸைத் தாண்ட வேண்டியது 132 யார்டு. எட்டுப் பேரை முன்னால் நிறுத்தி அடைத்தாலும் இவர் ஓடுவார் என்று நான் அலுவலகத்தில் சொல்லிவைத்திருந்தேன். முப்பது முறை ஓடினார். கிடைத்தது 104, ஒரு டச் டவுன்கூட இல்லை, அணி 31-14 என்று தோற்றது. ஓட்டெடுப்பு பவுலுக்குப் பிறகு நடந்திருந்தால் இடைவெளி இன்னும் கூடியிருக்கும் என்பதை மறுக்கப்போவதில்லை. சீசன் 2,601இல் முடிந்தது. அன்று நண்பர் அனுப்பிய புத்தாண்டு வாழ்த்தில் "ஹேப்பி நியூ இயர்" இல்லை, ஒரே ஓர் எண் இருந்தது: 27.