காது ஓட்டை அடைக்கப் போனோம், கட்டியோடு திரும்பினோம்

கேரளாவில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தமிழ்நாட்டு எல்லை என்பது ஒரு பஸ் டிக்கெட், அவ்வளவுதான். பல் வலி என்றால் பொள்ளாச்சி, பெரிய வியாதி என்றால் கோயம்புத்தூர், ஆதார் ரேஷன் என்றால் பாலக்காடு. அப்படித்தான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு ‘காஸ்மெட்டிக் சென்டரு’க்குப் போனேன். பெயரும் ஊரும் எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது.

அம்மாவுக்கு 61 வயது. கல்யாணத்தில் போட்ட கல் கம்மலைக் கழற்றியதே கிடையாது. கனம் தாங்காமல் ஓட்டை நீண்டு, இடது காதில் நூல் அளவு தோல்தான் பாக்கி. தை மாதம் அண்ணன் மகள் கல்யாணம், அதற்குள் காதைச் சரி செய்துவிட வேண்டும் என்று ஆசை. பக்கத்து வீட்டு அக்காதான் சொன்னார்: “தையலே இல்லீங்க, இருபது நிமிசத்துல முடிச்சு அனுப்பிருவாங்க.”

வாசலில் பெரிய போர்டு. ஒரு டாக்டர் பெயர், அதன் கீழே எம்.பி.பி.எஸ்., எம்.எஸ்., எம்.சிஎச். (பிளாஸ்டிக் சர்ஜரி). அதைப் பார்த்ததும் எனக்குத் திருப்தி. நான் செய்த தப்பு அங்கேதான் ஆரம்பம். உள்ளே அந்த டாக்டர் இல்லை. பச்சை ஏப்ரன் போட்ட ஒரு பெண், ஒரு சின்ன பாட்டிலில் பல்குச்சியை நனைத்து, அம்மாவின் காது ஓட்டைக்குள் விட்டுச் சுற்றினார். தோல் சுண்ணாம்பு தடவியது போல வெளுத்தது. அம்மா என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்த பிடியில் என் வளையல் நெளிந்துவிட்டது. “கொஞ்சம் எரியும்மா, மருந்து வேலை செய்யுது.” வாரம் ஒரு தடவை என்று மூன்று தடவை. இரண்டு காதுக்கும் சேர்த்து 6,500 ரூபாய்.

ஓட்டை மூடியது, பொய் சொல்லக்கூடாது. இரண்டு மாதம் கழித்து இடது காது மடலின் பின்னால் கொண்டைக்கடலை அளவு ஒரு கட்டி. அப்புறம் அது நெல்லிக்காய் அளவானது. இரவில் அரிப்பு, அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடியாது. வாட்ஸ்ஆப்பில் கேட்டால், “அது உங்கம்மா உடம்பு வாகு மேடம்.”

கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுக்குப் போனோம். அந்த டாக்டர் காதைப் பார்ப்பதற்கு முன்னால் அம்மாவின் மேல்கையைப் பார்த்தார். சின்ன வயதில் போட்ட அம்மைத் தடுப்பூசித் தழும்பு தடித்து மேலே எழும்பி இருக்கிறது. “இது எப்பவும் இப்படித்தானா?” அந்த ஒரு கேள்வியை முதல் இடத்தில் யாரும் கேட்கவில்லை. கட்டியின் பெயர் கீலாய்டு. காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் தழும்பு. அது வரக்கூடிய உடம்பு என்று கையில் இருந்த தழும்பே சொல்லிக்கொண்டிருந்தது. பல்குச்சியில் நனைத்துத் தடவிய அந்தத் திரவம் தோலைப் புண்ணாக்கி ஒட்டவைக்கிற ஆசிட். வெறுமனே வெட்டி எடுத்தால் பல பேருக்கு மறுபடி வரும், சில சமயம் முன்னைவிடப் பெரிதாக. அதனால் முதலில் மாதம் ஒரு ஸ்டீராய்டு ஊசி, கட்டி அடங்கினால் வெட்டுவது, பிறகு அழுத்தம் கொடுக்கும் கிளிப் என்று சொல்லியிருக்கிறார். முறைப்படி காது தைப்பது மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்கிற சின்ன வேலைதானாம். மறுபடி காது குத்த இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும், தைத்த கோட்டின் மேலேயே குத்தவும் கூடாது. தையில் கல்யாணம் என்று சொன்னதுமே யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டாமா?

வீட்டுக்கு வந்ததும் போர்டில் இருந்த பெயரை தேசிய மருத்துவ ஆணையத்தின் தளத்தில் தேடினேன். நிஜ டாக்டர், நிஜ பட்டம். எம்.பி.பி.எஸ்., மூன்று வருஷ எம்.எஸ்., அதற்கு மேல் மூன்று வருஷ எம்.சிஎச். எல்லாம் சரி. விசாரித்தால் அவர் மாதத்துக்கு ஒரு நாள் வருகிறவராம். பல்குச்சி பிடித்த பெண் படித்தது அழகுக்கலை டிப்ளமோ. பெயர்ப் பலகையில் இருப்பவர் ஒருவர், கை வைப்பவர் இன்னொருவர். ஆகவே யாராக இருந்தாலும், “எங்கம்மா காதைத் தொடப் போறது யாருங்க? அவர் பதிவு எண் என்ன?” என்று முதலிலேயே கேளுங்கள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். டாக்டர் எழுதும் சீட்டிலும் கொடுக்கும் ரசீதிலும் பதிவு எண் இருக்க வேண்டும் என்பது 2002 ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. எங்கள் ரசீதில் ஒரு பூப்படமும் ‘நன்றி, மீண்டும் வருக’வும் மட்டும்தான் இருந்தது.

புகார் என்றதும் எல்லாரும் ஒரே பாட்டு: “கடை அங்க, நீங்க இங்க, கேஸ் எப்படி நிக்கும்?” நிற்கும். 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே கொடுக்கலாம், இரண்டு வருஷத்துக்குள். பாலக்காட்டில் கொடுத்துவிட்டேன். ரசீது, ஒவ்வொரு வாரமும் எடுத்த போட்டோ, வாட்ஸ்ஆப்பில் வந்த ‘உடம்பு வாகு’ பதில், எல்லாம் சேர்த்து.

கல்யாணத்தன்று அம்மா முந்தானையைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டே பந்தியில் உட்கார்ந்திருந்தார். கம்மல் பீரோவில் ஒரு மஞ்சள் துணியில் முடிந்து கிடக்கிறது. மூன்றாவது ஊசி அடுத்த செவ்வாய்க்கிழமை.