டெயில் லைட் டின்ட்: டப்பா ஸ்ப்ரேயா, ஃபிலிமா, க்ளியரில் கலந்து அடிப்பதா?

டெயில் லைட்டைக் கறுப்பாக்கக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது எது பார்க்க நன்றாக இருக்கும் என்றுதான். மூன்றுமே ஒழுங்காகச் செய்தால் நன்றாகத்தான் இருக்கும். சொதப்பினால் எதைத் திருத்த முடியும் என்பதை முதலில் கேளுங்கள், ஏனென்றால் முதல் தடவை கட்டாயம் எங்கேயாவது சொதப்பும்.

டப்பா டின்ட் ஸ்ப்ரேதான் பெரும்பாலானோர் தொடங்கும் இடம். கம்ப்ரெசர் வேண்டாம், ஸ்ப்ரே கன் வேண்டாம், லைட்டைக் கழற்றி, சோப்பு போட்டுக் கழுவி, ஈர வாட்டர் பேப்பரில் (தேய்ப்புத் தாள்; எண் ஏற ஏற நைஸ்) 800, அப்புறம் 1000 தேய்த்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து அடிக்க வேண்டியதுதான். இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டர் தூரத்திலிருந்து மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றுக்கும் நடுவில் பத்து நிமிடம் விட்டு. கேட்க எளிதாக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், இது பாடியில் அடிக்கிற பெயின்ட் மாதிரி அடியை மறைக்காது. ஊடுருவித் தெரியும் நிறம். எங்கே ஒரு கோடு மேலே இன்னொரு கோடு ஏறியதோ அங்கே கூடுதல் கறுப்பு. பகலில் லைட் அணைந்திருக்கும்போது கண்ணுக்கே படாது, ராத்திரி பிரேக்கை மிதித்தால் வரிக்குதிரை. அதனால் அடிக்கும்போதே பின்னால் ஒரு சின்ன பல்பைப் பிடித்துப் பாருங்கள். இடது வலது இரண்டையும் பக்கத்தில் வைத்து மாறி மாறி ஒரே எண்ணிக்கையில் அடியுங்கள். ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தொட்டீர்களானால் இரண்டும் ஒரே நிறத்தில் வராது.

ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பு வந்துவிட்டால் பலரும் செய்யும் தவறு, உடனே 2000 பேப்பரை எடுத்து டின்ட்டையே தேய்ப்பது. நானும் செய்தேன். மேடு தேய்ந்த இடமெல்லாம் நிறம் வெளுத்து, லென்ஸ், அதாவது லைட்டின் வெளி மூடி, முழுக்கத் தேமல் விழுந்தது போல ஆனது. டின்ட் அடுக்கைத் தேய்த்து மட்டப்படுத்தவே முடியாது. அதற்கு மேலே க்ளியர் (நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) மூன்று பூச்சு ஏற்றி, அது நன்றாகக் காய்ந்த பிறகு க்ளியரை மட்டும் 1500, 2000, 3000 என்று தேய்த்து கம்பவுண்ட் (மெருகேற்றும் பசை) போட்டால்தான் கண்ணாடி மாதிரி வரும். டின்ட்டில் தூசி ஒட்டியிருந்தாலும் இதே வழி. ஒழுகல் டின்ட்டில் வந்தால் வேறு வழியில்லை, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. க்ளியரில் வந்த ஒழுகல் பரவாயில்லை, தட்டையான கட்டையில் பேப்பரைச் சுற்றி இறக்கிவிடலாம்.

பால் ஊற்றியது போல வெள்ளைப் படலம் வந்தால் அது ஈரக்காற்றின் வேலை. கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்துவிடுகிறது. லேசாக இருந்தால் ஹேர் ட்ரையரைத் தள்ளிப் பிடித்துச் சூடு காட்டினாலே சில சமயம் போய்விடும். மழை நாளில் அடிக்காமல் இருப்பது இன்னும் நல்லது. சின்னச் சின்ன வட்டப் பள்ளங்கள் விழுந்தால் சிலிக்கான். டயருக்கும் டாஷ்போர்டுக்கும் போடுகிற பளபளப்புத் திரவம் எப்படியோ லென்ஸுக்கு வந்திருக்கும். மேலே மேலே அடித்து அதை மூட முயலாதீர்கள், மூடாது.

சரி, க்ளியரில் கலந்து அடிப்பது. பெயின்ட் பட்டறைக்காரர்கள் பெரும்பாலும் இதைத்தான் செய்வார்கள்: 2கே க்ளியரில் (ஹார்டனர் என்ற இறுக வைக்கும் திரவம் கலந்து அடிக்கிற க்ளியர்) கொஞ்சம் கறுப்பைக் கலந்து கன்னில் அடித்து, மேலே வெறும் க்ளியர். கன்னில் விசிறி அகலம், காற்று அழுத்தம் எல்லாம் கைக்கு அடங்கும் என்பதால் வரி விழுவது குறைவு. ஹார்டனர் கலந்தது என்பதால் பெட்ரோல் துளி பட்டாலும் உடனே கரைந்து போகாது, சாதா டப்பா டின்ட் கரையும். தரத்தில் மூன்றிலும் இதுதான் முதலிடம், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, அது நுரையீரலுக்கு விஷம், ஆஸ்துமா வரை கொண்டுபோய் விடும். துணி மாஸ்க், தூசி மாஸ்க் எதுவும் போதாது. சரியான கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கும் காற்றோட்டமும் இல்லாவிட்டால் வீட்டில் இதைத் தொடவே வேண்டாம், பட்டறையில் கொடுத்துவிடுங்கள். ஹார்டனரோடு வரும் 2கே டப்பாவுக்கும் இதே எச்சரிக்கைதான். அரைகுறையாகக் காய்ந்த டப்பா டின்ட்டின் மேல் 2கே க்ளியரைக் கனமாக அடித்தால் சுருங்கி, கிழவன் கை மாதிரி ஆகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஃபிலிம், அதாவது லென்ஸின் மேல் ஒட்டும் கறுப்பு பிளாஸ்டிக் தாள், பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சோப்புத் தண்ணீர், ஹீட் கன், ஸ்க்வீஜி (தண்ணீரை வழித்துத் தள்ளும் தகடு), கொஞ்சம் பொறுமை. நிறம் தொழிற்சாலையிலேயே சீராக வந்துவிடுகிறது, ஆனால் வளைவான மூலையில் அதிகம் இழுத்தால் அங்கே மட்டும் வெளுக்கும். ஓரம் சரியாக மடங்காவிட்டால் பிரஷர் வாஷ் அடிக்கும்போது கிளம்பும். லென்ஸின் மேலேயே கத்தி வைத்து அறுத்தால் கோடு நிரந்தரம். பிடிக்கவில்லையா, சூடு காட்டி உரித்துவிடலாம், அடியில் லென்ஸ் பழையபடி இருக்கும். பல வருடம் வெயில் வாங்கிய மலிவு வினைல் மட்டும் துண்டு துண்டாக வந்து பசையை விட்டுப் போகும்.

எதைப் போட்டாலும், பின்னால் வரும் வண்டியின் ஒளியைத் திருப்பி அனுப்பும் சிவப்பு ரிஃப்ளெக்டர் பகுதியில் மட்டும் டின்ட் படாமல் விட்டுவிடுங்கள். பல்பின் ஒளி டின்ட்டை ஒரு தடவைதான் கடக்கிறது, ரிஃப்ளெக்டருக்கு வரும் ஒளியோ உள்ளே போகும்போதும் திரும்பும்போதும் என்று இரண்டு தடவை. பாதி ஒளியை விடும் டின்ட் என்றால் ரிஃப்ளெக்டரில் கால்வாசிதான் மிச்சம். பல நாடுகளில் விளக்கின் ஒளியைக் குறைப்பதே சட்டப்படி தப்பு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெட்லைட்டில் இந்த வேலையே வேண்டாம். அது பாலிகார்பனேட், மேலே இருக்கும் புற ஊதாத் தடுப்புப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டால் சீக்கிரம் மஞ்சளாகும்.

இப்போது திருத்துகிற கணக்குக்கு வருவோம். ஃபிலிம் சொதப்பினால் நஷ்டம் ஒரு துண்டு ஃபிலிம். ஸ்ப்ரே சொதப்பினால் ஒரு லென்ஸுக்கு அரை நாள்: 800இல் தண்ணீர் விட்டு எல்லாவற்றையும் தேய்த்து இறக்கி, படிப்படியாக 3000 வரை ஏறி, பாலிஷ். இந்த அரை நாளை மிச்சப்படுத்தலாம் என்று தின்னரையோ அசிட்டோனையோ பஞ்சில் நனைத்துத் துடைப்பவர்கள் இருக்கிறார்கள். டெயில் லைட் பெரும்பாலும் அக்ரிலிக், வார்க்கும்போதே அதற்குள் இறுக்கம் தங்கியிருக்கும். கரைப்பான் பட்டதும் உள்ளே மயிரிழை விரிசலாக ஓடும், எந்தப் பாலிஷாலும் அது போகாது. அப்புறம் புது லைட்தான் வாங்க வேண்டும்.

முதல் தடவை என்றால் ஃபிலிம் ஒட்டி ஒரு மாதம் ஓட்டுங்கள். அதற்கப்புறமும் கறுப்பு பிடித்திருந்தால், உடைந்த பழைய லைட் ஒன்றைத் தேடிப் பிடித்து அதில் டப்பாவைப் பழகிவிட்டு உங்கள் வண்டியின் லைட்டைக் கழற்றுங்கள்.