ஊட்டி கேம்ப்புக்கு ஸ்லீப்பிங் பேக்: 2,500 ரூபாய்க்குள் எது தேறும்?

போன டிசம்பரில் பையனுக்கு முதல் ஸ்கவுட் கேம்ப். ஏற்காட்டில் இரண்டு ராத்திரி. பள்ளியில் கொடுத்த லிஸ்ட்டில் ‘படுக்கை, போர்வை’ என்றுதான் இருந்தது. நான்தான் ஆசைப்பட்டு ஆன்லைனில் 1,100 ரூபாய்க்கு ஒரு ஸ்லீப்பிங் பேக், அதாவது உள்ளே புகுந்து ஜிப்பைப் போட்டுக்கொண்டு தூங்கும் பஞ்சுப் பை, வாங்கிக் கொடுத்தேன். படத்தில் பின்னால் பனிமலை, பெயருக்குப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘-5°C’. ஏற்காட்டில் அந்த வாரம் ராத்திரிக் குளிர் 14 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. பையன் இரண்டு ராத்திரியும் ஸ்வெட்டரோடு சுருண்டு கிடந்துவிட்டு, மூக்கு ஒழுக வீடு வந்து சேர்ந்தான். “-5ன்னு போட்டிருந்துச்சேம்மா?” என்றான். பதில் சொல்லத் தெரியவில்லை.

இந்த டிசம்பரில் ஊட்டி, மூன்று ராத்திரி. கீழே விரிக்கும் பாயும் சேர்த்து பட்ஜெட் 2,500. பையனுக்கு 11 வயது, உயரம் 138 சென்டிமீட்டர், எடை 30 கிலோ. இந்த இரண்டு அளவையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் முக்கியம் என்பது பின்னால் தெரியும்.

வாத்து இறகு அடைத்த பைகளை நான் பார்க்கவே இல்லை. விலை எட்டாது என்பது ஒன்று. எட்டினாலும் வாங்கியிருக்க மாட்டேன். இறகு நனைந்தால் கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டு சூடு பிடிக்காது, காய்வதற்கும் யுகம் ஆகும். தண்ணீர் பாட்டிலைச் சரியாக மூடத் தெரியாத வயதுப் பிள்ளைக்குப் பாலியஸ்டர் பஞ்சுதான் சரி. நனைந்தாலும் ஓரளவு சூடு தாங்கும், வாஷிங் மெஷினில் போடலாம், வெயிலில் சீக்கிரம் காயும்.

அந்த -5 யாருக்கு?

ஒழுங்காகச் சோதனை செய்து விற்கும் பைகளில் மூன்று எண்கள் இருக்கும்: கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம். ஐரோப்பாவில் முதலில் இஎன் 13537 என்ற தரநிலையாக வந்தது, இப்போது ஐஎஸ்ஓ 23537. கம்ஃபர்ட் என்பது வளர்ந்த பெண் ஒருவர் கை காலைத் தளர்த்தி நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர். லிமிட் என்பது வளர்ந்த ஆண் ஒருவர் சுருண்டு படுத்துச் சமாளிக்கக்கூடிய குளிர். எக்ஸ்ட்ரீம் தூக்கத்துக்கான எண்ணே இல்லை, ஆறு மணி நேரம் உயிரோடு இருக்கலாம் என்ற கணக்கு. அப்போதும் உடல் ஆபத்தான அளவுக்குக் குளிர்ந்துபோகலாம்.

ஆன்லைனில் பெரிதாகப் போடும் எண் பல நேரம் இந்தக் கடைசி எண்தான். எந்தச் சோதனையும் செய்யாமல் சும்மா அச்சடித்த எண்ணாகவும் இருக்கலாம். நான் வாங்கியதில் ‘கம்ஃபர்ட்’ என்ற வார்த்தையே எங்கும் இல்லை. அப்போது அதைக் கவனிக்கத் தோன்றவில்லை.

இன்னொரு சங்கதியும் உண்டு. இந்த அளவெல்லாம் 60, 70 கிலோ எடையுள்ள பெரியவர்களின் உடலை வைத்துப் போட்ட கணக்கு, குழந்தைகளுக்குப் பொருந்தாது. சின்ன உடம்பு சீக்கிரம் சூட்டை இழக்கும். அதனால் பிள்ளைக்கு வாங்கும்போது லிமிட்டைக் கண்ணால்கூடப் பார்க்க வேண்டாம். கம்ஃபர்ட்டை மட்டும் பாருங்கள், அதிலும் இரண்டு மூன்று டிகிரி கைவசம் இருப்பது நல்லது.

ஊட்டிக்கு எவ்வளவு வேண்டும்? ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. கோவை 400 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,240. கோவையில் டிசம்பர் விடியற்காலை 19 என்றால் ஊட்டியில் ஏழுக்குப் பக்கம் வந்துவிடும். உறைபனி விழும் நாளில் புல்வெளிப் பள்ளங்களில் பூஜ்ஜியத்தைத் தொடும். நல்லவேளையாக எங்கள் பிள்ளைகள் படுக்கப்போவது ஒரு ஹாலில், டென்ட்டில் இல்லை. ஸ்கவுட் மாஸ்டரிடம் நான் கேட்ட முதல் கேள்வியே “சார், கூரை இருக்கா?” என்பதுதான்.

களத்தில் நான்கு பேர்

முதல் போட்டியாளர் கடையில் இல்லை, வீட்டுப் பரணில் இருந்தது. என் அம்மாவைப் பையன் அமுச்சி என்றுதான் கூப்பிடுவான். “பவானி ஜமக்காளத்தை விரிச்சு, கம்பளியப் போத்திட்டுப் படுத்தா ஆகாதா கண்ணு? எதுக்கு இத்தனை காசு?” என்றார். நியாயமான கேள்வி. செலவு பூஜ்ஜியம், ஏற்காடு, ஏலகிரிக்கு இதுவே தாராளம். போன வருஷம் அமுச்சி பேச்சைக் கேட்டிருந்தால் பையன் மூக்கு ஒழுகியிருக்காது. ஆனால் என் பையன் தூக்கத்தில் கபடி விளையாடுகிற ரகம். ராத்திரி பத்து மணிக்குப் போர்த்திய கம்பளி பதினொன்றுக்குப் பக்கத்துப் பையன் மேல் கிடக்கும். வீட்டில் நான் எழுந்து போர்த்திவிடுவேன், ஊட்டியில் யார் போர்த்துவார்கள்? ஸ்லீப்பிங் பேக்கின் பெரிய லாபம் அதுதான், உதைத்தாலும் விலகாது. எங்கள் இரட்டைக் கம்பளி இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கிறது, நனைந்தால் தூக்கவே முடியாது.

இரண்டாவது, சதுர வெட்டுப் பை. ஜிப்பை முழுக்கத் திறந்தால் மெத்தைப் போர்வைபோல விரியும். டெக்கத்லான் என்ற விளையாட்டுச் சாமான் கடையின் கெச்சுவா ஆர்ப்பெனாஸ் இந்த வகை. அதில் பெயரோடு வரும் எண்ணே கம்ஃபர்ட் அளவு, 20, 15, 10 என்று. இந்த நேர்மை எனக்குப் பிடித்தது. 10 டிகிரி ரகம் நான் பார்த்தபோது 2,000 ரூபாய் வட்டத்தில் இருந்தது. குறை என்னவென்றால், தலைக்கு மூடி கிடையாது, தோள்பக்கம் திறந்தே இருக்கும். கால்பக்கமும் அகலம், உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் அந்தச் சின்ன உடம்புதான் சூடாக்க வேண்டும். மடித்தாலும் தலையணை அளவுக்குக் கீழே வராது.

மூன்றாவது மம்மி வகை, எகிப்திய மம்மியின் வடிவம். தோளில் அகன்று காலில் குறுகும், தலைக்கு மூடி, கழுத்தில் இழுத்துக் கட்டும் கயிறு. அதே பஞ்சில் அதிகச் சூடு, குறைந்த எடை. 5 டிகிரி கம்ஃபர்ட் உள்ளவை நான் பார்த்தவரை 3,000 ரூபாய்க்கு மேல்தான் ஆரம்பம். பையன் கடைத் தரையில் இதற்குள் புகுந்துகொண்டு எழுந்து வர மறுத்தான். விண்வெளி வீரன் மாதிரி இருக்கிறதாம். குளிருக்கு இதுதான் ராஜா, சந்தேகமே இல்லை. ஆனால் இது ஒரே வேலைக்கான பை. சமவெளியில் இதில் படுத்தால் வேர்த்து நனைந்துவிடுவான். சிலவற்றில் ஜிப் பாதி வரைக்கும்தான், விரித்துப் போர்த்தவும் முடியாது. இறுக்கம் பிடிக்காத பிள்ளைகள் நடுராத்திரியில் பயந்து எழுவதும் உண்டு.

நான்காவது, பிராண்ட் தெரியாத ‘-5’, ‘-10’ வகையறா. இதற்கு நீட்டி எழுதத் தேவையில்லை. ஒன்று மட்டும்: பையை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மேல்துணியும் உள்துணியும் ஒன்றாக அழுந்தும்படி நேராகத் தைத்திருந்தால் அந்தத் தையல் கோடுகளில் பஞ்சே இருக்காது, கோடு கோடாக வெளிச்சம் தெரியும். வெளிச்சம் வரும் வழியாகத்தான் குளிரும் வரும். விலை குறைந்த பைகள் எல்லாவற்றிலும் கொஞ்சம் இந்தத் தையல் இருக்கும், நல்லவற்றில் இரண்டு அடுக்குப் பஞ்சைத் தையல் ஒன்றின் மேல் ஒன்று வராதபடி தள்ளித் தள்ளித் தைத்திருப்பார்கள். நம்முடைய ஏற்காட்டு ஹீரோவில் வெளிச்சம் ஜல்லடைபோல் தெரிந்தது. ஜிப்புக்குப் பின்னால் பஞ்சு வைத்த பட்டையும் அதில் இல்லை.

குட்டிப் பையா, பெரிய பையா?

குழந்தைகளுக்கென்றே 140, 150 சென்டிமீட்டர் உயரத்துக்கு வரும் பைகளும் உண்டு. வீண் இடம் இல்லாததால் சீக்கிரம் சூடாகும். என் பையனுக்கு இன்றைக்குக் கச்சிதம். ஆனால் பதினொன்றில் 138 என்றால் பதின்மூன்றில் 150 பக்கம் வந்துவிடுவான். ஸ்கவுட்டில் இன்னும் ஐந்தாறு வருஷம் இருக்கப்போகிறான். இரண்டு வருஷத்துக்கு ஒரு பை என்பது நமக்குக் கட்டாது. தம்பியோ தங்கையோ வரிசையில் காத்திருக்கும் வீடென்றால் குட்டிப் பைதான் வாங்கச் சொல்வேன்.

பெரியவர் அளவில் வாங்கினால் கால்பக்கம் மிஞ்சும் இடத்தைக் கட்டிவிட வேண்டும். கிளோவ் ஹிட்ச் முடிச்சு ஸ்கவுட்டில் கற்றுக்கொடுத்ததுதானே? கால் எட்டும் இடத்துக்கு ஒரு சாண் கீழே ஒரு நாடாவைச் சுற்றி அந்த முடிச்சைப் போட்டுவிட்டால் பை பையனின் அளவுக்கு வந்துவிடும். இல்லையென்றால் மறுநாள் போடவேண்டிய உடுப்பை அங்கே திணித்து வைக்கலாம். காலையில் சட்டை வெதுவெதுப்பாக இருக்கும் என்பது உபரி லாபம்.

ஊட்டி மட்டுமே கணக்கு என்றால் மம்மிக்குத்தான் ஓட்டுப் போட்டிருப்பேன். ஆனால் தமிழ்நாட்டு ஸ்கவுட்டுக்கு வருஷம் முழுக்கக் குளிரா? மணப்பாறையில் 2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை ஜம்போரி என்ற பெரிய ஸ்கவுட் முகாம் நடந்தது. அங்கே அந்தப் பருவத்தில் ராத்திரி 20 டிகிரியை ஒட்டி இருக்கும், ஒரு போர்வை போதும். ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் 2023 ஜனவரியில் தேசிய ஜம்போரி. அந்தப் பக்கம் ஜனவரி ராத்திரி 10க்குக் கீழே போவது சகஜம். இரண்டும் ஜனவரி, தேவை மட்டும் எதிரெதிர். வட இந்தியாவுக்கோ, மத்தியப் பிரதேசத்தில் பச்மரி பயிற்சி மையத்துக்கோ குளிர்காலத்தில் போகும் வாய்ப்பு வந்தால் அன்றைக்கு மம்மியைக் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

ஆக, வாங்கியது சதுர வெட்டு, 10 டிகிரி கம்ஃபர்ட், பெரியவர் அளவு. பையன் கடை வாசல் வரை முகத்தைத் தூக்கி வைத்திருந்தான்.

ஊட்டியின் ஏழு டிகிரிக்குப் பத்து எப்படிப் போதும் என்று கேட்பீர்கள். போதாதுதான், தனியாக விட்டால். மிச்சத்தைப் பைக்கு வெளியே சரிக்கட்ட வேண்டும். படுக்கும்போது உடல் எடையில் கீழ்ப்பக்கப் பஞ்சு நசுங்கிவிடும், அதற்குப் பிறகு தரையின் குளிர் நேராக முதுகில் ஏறும். 5,000 ரூபாய்ப் பை வாங்கி வெறும் சிமென்ட் தரையில் போட்டால் அதற்கும் இதே கதிதான். 10 மில்லிமீட்டர் ஃபோம் பாய் ஒன்று 450 ரூபாய்க்கு வாங்கினேன், அதற்கடியில் அமுச்சியின் ஜமக்காளம். உள்ளுறைக்கு என்னுடைய பழைய நூல் புடவை ஒன்றை இரண்டாக மடித்து, மூன்று பக்கம் தைத்துப் பைபோல ஆக்கிவிட்டேன். கொஞ்சம் சூடு கூடும். அதைவிட, அழுக்கும் வியர்வையும் புடவையோடு நின்றுவிடும், பையை அடிக்கடி துவைக்க வேண்டாம். துவைக்கத் துவைக்கப் பஞ்சு தட்டையாகும். உலர்ந்த சாக்ஸ், குரங்குக் குல்லா, தெர்மல் உடுப்பு. பகலில் ஆடிய ஈர பனியனோடு உள்ளே நுழையக் கூடாது, மூக்கைப் பைக்குள் விட்டு மூச்சு விடக் கூடாது, ஈரம் சேர்ந்துவிடும்.

கேம்ப்புக்கு முந்தைய வாரம் வீட்டில் ஒத்திகை பார்த்தோம். லைட்டை அணைத்துவிட்டு உள்ளிருந்தபடியே ஜிப்பைப் போட்டுத் திறக்கச் சொன்னேன். துணியில் மாட்டி நான்கு தடவை திணறினான். மடிப்பதற்கு எடுத்ததும் இருபது நிமிஷம், கண்ணில் தண்ணீர். சுருட்டாமல் கால்பக்கத்திலிருந்து கைப்பிடி கைப்பிடியாக உறைக்குள் திணிக்கச் சொன்னதும் மூன்றே நிமிஷத்தில் முடிந்தது. காலை விசிலுக்குப் பிறகு அவனுக்குக் கிடைக்கப்போவது அவ்வளவு நேரம்தான். கேம்ப் ஃபயர் பக்கம் பையைப் போர்த்திக்கொண்டு போகக் கூடாது என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினேன். ஒரு பொறி பட்டாலே பாலியஸ்டர் உருகி ஓட்டை விழும்.

திரும்பி வந்தபோது மூக்கு ஒழுகவில்லை. இரண்டாவது ராத்திரி மட்டும் விடியற்காலையில் கால் சில்லிட்டதாம், கால்பக்க நாடாவைக் கட்ட மறந்துவிட்டானாம். பை இப்போது ஒரு பழைய பெரிய தலையணை உறைக்குள் தளர்வாகக் கிடக்கிறது. சின்ன உறைக்குள்ளேயே மாதக்கணக்கில் நசுக்கி வைத்தால் பஞ்சு செத்துவிடும். பையனின் பெயரை நான் துணி மார்க்கரில் பையின் வெளிப்பக்கம் எழுதியிருக்க வேண்டும், உள்பக்கம் எழுதிவிட்டேன். அதே கடை, அதே நீல நிறம், ஒன்பது பிள்ளைகள். கடைசி நாள் காலையில் ஒவ்வொரு பையாகத் திறந்து பார்த்தார்களாம், என் பையனுடையது எட்டாவது.