ஜூகி டிஎன்யூ-1541எஸ்: குன்னூர் ஈரத்தில் தோல் பை தைக்க இந்த மெஷின் சரிப்படுமா?

தோல் பை, பெல்ட், லேப்டாப் உறை என்று கொஞ்சம் கனமான சரக்கு தைக்கிற சின்ன யூனிட் என்றால் தாராளமாக வாங்குங்கள். விலை சாதாரண சிங்கிள் நீடில் மெஷினைப் போலப் பல மடங்கு, அதை மறைக்கவில்லை. ஆனால் சூப்பர்வைசராக லைனில் நிற்கிற ஆளாகச் சொல்கிறேன், இது வந்த பிறகு எங்கள் யூனிட்டில் ரீவொர்க் குறைந்தது மட்டுமில்லை, ஆபரேட்டர்களைத் திட்டுவதும் குறைந்துவிட்டது.

நான் முன்பு ஆம்பூரில் ஷூ அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம் தைக்கிற லைனில் இருந்தவள். இப்போது குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் ஒரு சின்ன பை யூனிட்டைப் பார்த்துக்கொள்கிறேன். இங்கே வேலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள், மீதிப் பேர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக்கோ பேட்லாக்கோ ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர்கள். திருப்பூர்க்காரர்களுக்கு வேகம் கையிலேயே இருக்கிறது, ஆனால் தோலுக்கு அந்த வேகம்தான் ஆகாது. பனியன் துணியில் தையல் கோணினால் பிரித்துவிட்டுத் திரும்பத் தைக்கலாம், தோலில் ஊசி இறங்கிய ஓட்டை மூடாது. பிரித்தால் பழைய ஓட்டை வரிசை அப்படியே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும், அந்தப் பேனலே வீண். ஒரு பேனல் போனால் அதே நிறத்தில், அதே தடிமனில், அதே மினுமினுப்பில் வேறு துண்டு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று கட்டிங் டேபிளில் இருப்பவரைக் கேட்டால் தெரியும்.

இதற்கு முன் எங்களிடம் இருந்தது, ஊசித் தட்டுக்குக் கீழே சரக்கை நகர்த்துகிற பல் மட்டும் இழுக்கிற சாதாரண ஹெவி மெஷின். கீழ்த் தோலைப் பல் இழுக்கும், மேல் தோல் அழுத்திப் பிடிக்கிற மெஷின் காலின் (பிரஷர் ஃபுட்) அடியில் சிக்கிப் பின்தங்கும், தையல் முடிகிற இடத்தில் பார்த்தால் ஒரு பக்கம் நீண்டு நிற்கும். உடனே "ஏன் அக்கா பார்த்துப் பிடிக்கலை?" என்று கேட்போம். அந்த அக்கா எப்படிப் பிடித்திருந்தாலும் அது நகர்ந்திருக்கும். கோளாறு மெஷினின் இழுவையில், பேச்சு வாங்குவது ஆபரேட்டர். இந்த ஒரு காரணத்துக்காகவே முதலாளியிடம் விடாமல் பேசி இதை வாங்க வைத்தேன்.

1541-இல் கீழே உள்ள பல், ஊசி, உள் கால் மூன்றும் சேர்ந்து நகர்கின்றன. ஊசி தோலுக்குள் இறங்கியபடியே எல்லா அடுக்கையும் ஒன்றாக இழுத்துப் போவதால் லைனிங், பைப்பிங், இரண்டு அடுக்கு மாட்டுத்தோல் எதுவும் தனியாக நழுவாது. கைப்பிடி சேர்கிற மேட்டில் ஏறி இறங்கும்போது தையல் நீளம் சுருங்கி முடிச்சு முடிச்சாகத் தெரியுமே, அது வெகுவாகக் குறைகிறது. கால் எவ்வளவு உயரம் தூக்கி நடக்க வேண்டும் என்பதற்கு மேலே தனி டயல் இருக்கிறது, மேடு பள்ளம் நிறைய இருந்தால் கூட்டிக்கொள்ளலாம். தையல் நீளம் 9 மில்லிமீட்டர் வரை போகும். நாங்கள் பைக்கு அங்குலத்துக்கு 7 தையல் வைக்கிறோம், கண்ணுக்கு அழகு, தோலும் கிழியாது. ரொம்ப நெருக்கித் தைத்தால் தபால்தலை ஓரம் மாதிரி அந்தக் கோட்டிலேயே பிய்ந்துவிடும், புதிதாக வருகிறவர்களிடம் முதலில் சொல்வது இதைத்தான்.

மாடல் பெயரில் கடைசியில் 'எஸ்' இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். அந்த 'எஸ்' மாடலில், நூல் சிக்கி மெஷின் இறுகும்போது சேஃப்டி கிளட்ச் விடுபட்டு, கீழே நூலைக் கோக்கிற ஹூக்கைக் காப்பாற்றும். பட்டனை அழுத்திக்கொண்டு சக்கரத்தைக் கையால் சுற்றினால் திரும்பப் பிடித்துக்கொள்ளும். சமவெளியில் மெக்கானிக் பக்கத்துத் தெருவில் இருப்பார், மலையில் அப்படி இல்லை. எங்களுக்கு விற்ற டீலர் "போன் போடுங்க, மறுநாளே ஆள் வரும்" என்றார். மழையில் மண் சரிந்தது, பஸ் இல்லை என்று ஏதாவது ஒரு காரணம் வந்துகொண்டே இருந்தது, ஆள் வரவில்லை. அதனால் பில் போடும் முன்பே மலைக்கு ஏறி வருகிற மெக்கானிக் யார் என்று கேட்டு, அவரிடமே நேரில் பேசிவிடுங்கள்.

மோட்டார் சர்வோவாக எடுங்கள். இந்த மெஷின் நிமிடத்துக்கு 2,500 தையல் வரை ஓடும், தோல் பைக்கு அதில் பாதிகூடத் தேவைப்படாது. சர்வோவில் உச்ச வேகத்தை நாமே குறைத்து வைக்கலாம், புதுப் பெண் உட்காரும்போது இறக்கி வைத்தால் அவளுக்குப் பயமில்லாமல் கை பழகும். எங்கள் பக்கம் மாலையில் வோல்டேஜ் இறங்கும், ஸ்டெபிலைசர் இல்லாமல் ஓட்டாதீர்கள்.

அப்புறம் ஈரம். குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அக்டோபர் தொடங்கினால் தோலில் பூஞ்சை, ஊசித் தட்டில் துருப்புள்ளி, ஒட்டுகிற சொலூஷன் காயவே காயாது. காயாத சொலூஷன் மேல் தைத்தால் ஊசியில் பிசின் ஏறித் தையல் விடும், எந்த மெஷினாக இருந்தாலும் இதுதான் கதி. பேஸ்டிங் முடிந்த பேனலைத் தொட்டுப் பார்த்து ஒட்டாமல் இருந்தால்தான் தையலுக்கு விடுகிறேன், டார்கெட் என்று யார் நெருக்கினாலும் சரி. வேலை முடிந்ததும் தட்டைத் துடைத்து, எண்ணெய் விட்டு, ஒரு வேஸ்ட் தோலில் சில அங்குலம் தைத்துவிட்டுத்தான் உறை போடுவோம். காலையில் வெள்ளைத் தோலில் எண்ணெய்க் கறை விழாமல் இருக்க அந்த வேஸ்ட் தையல் முக்கியம்.

ஊசி வகை டிபி 17 (DP×17). 30 டிக்கெட் நூலுக்கு (டிக்கெட் என்பது நூலின் தடிமன் எண்) 18 அல்லது 19 ஆம் நம்பர், தோலை வெட்டிக்கொண்டு இறங்கும் முனை. மொத்தமாக வாங்கி வையுங்கள், எனக்குக் கோவை போனால்தான் கிடைக்கிறது. கடைசியில் மூலைகளைக் கையால் முடிப்பதற்குக் கேத்தி தொழிற்சாலையின் போனி ஊசி, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

மிருதுவான ஆட்டுத்தோலில் காலின் தடம் பதியும். அழுத்தத்தைத் தளர்த்தி, வழவழப்பான கால் மாற்றிக்கொள்ள வேண்டும். இது ஃபிளாட் பெட், அதாவது தட்டையான மேஜை மெஷின் என்பதால் பையைப் புரட்டி உள்வளைவில் தைக்க முடியாது, அதற்குக் குழாய் மாதிரிக் கை நீட்டிக்கொண்டிருக்கிற சிலிண்டர் பெட் வேண்டும். அடுத்து அதைத்தான் பார்க்கிறோம். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் யாராவது சிலிண்டர் பெட் ஓட்டிக்கொண்டிருந்தால், மழைக்காலத்தில் எப்படி இருக்கிறது, மெக்கானிக் எங்கிருந்து வருகிறார் என்று எழுதுங்கள்.